கதவு காணாமல் போன லிஃப்ட்

விடைபெற்றுக்கொண்டு வாசல்வரை போன விருந்தாளி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி, விட்டுவிட்டது என்று நினைத்த மழை திரும்பப் பிடித்துக்கொண்டது.

பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில் ஒற்றைக்காலில் நின்று ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தான் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். வாயை நிறுத்த பட்டன் கிடையாது என்பதால் வைத்தார்கள். காதோரம் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும் அந்த பட்டன் கிடைத்தபாடில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன் சிக்கியிருந்தது.

"அக்கா, குடை வேணும்கா. அந்த நீலக் குடை. மாலை வரைக்கும் பெய்யும் போலிருக்கு. யார்கிட்டயாவது கொடுத்தனுப்பேன்."

"நீலக் குடையா? அதான் உன்கிட்டக் கொடுத்தாச்சே!"

"கொடுத்தே. ஆனா அன்னிக்கே மாமா..."

"அன்னிக்கே கொடுத்தாச்சு. என் கையால கொடுத்தேன், நல்லா ஞாபகமிருக்கு. தொலைச்சுட்டு வந்து இன்னொண்ணு கேட்காதே." டொக்.

பக்கத்தில் நின்றிருந்த துப்பறிவாளர் தொண்டையைக் கனைத்துவிட்டு, வராத பஸ்ஸை உற்றுப் பார்த்தார். ரேடியோவின் அக்கா புருஷன். தொழிலில் புலி, வீட்டில் சத்தமில்லாத பூனை. கையிலிருந்த பஸ் டிக்கெட்டைக் குட்டிக் கப்பலாக மடித்துக்கொண்டிருந்தார். யோசிக்கும்போது அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

"நட மாப்ளே. நனைஞ்சது நனைஞ்சாச்சு."

"கேஸ் என்னன்னு இன்னும் சொல்லலையே மாமா?"

"காலையில ஒரு அம்மா போன் பண்ணினாங்க. அவங்க லிஃப்டோட கதவைக் காணோமாம்."

ரேடியோ ஷூவை மாட்டுவதை நிறுத்தினான். "லிஃப்ட் இருக்கு, கதவு மட்டும் இல்லையா? தூக்கினவன் சாதாரண ஆள் இல்லை மாமா. கலைஞன்!"

*

மாடிப்படி வைத்த இரண்டு தளக் கட்டடம். கீழ்த்தளத்துக் கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு, முன்பக்கம் திறந்த ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நாலு மாடி வைத்த பொம்மை லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் உள்ளங்கை அகலத்தில் இரட்டைக் கதவு. நாலு மாடியிலும் கதவுகள் சமர்த்தாகத் தம் இடத்தில்தான் இருந்தன. கூண்டுக்குக் கீழே ஒரு கூடை நிறைய கேரட். பாதி முழுசு, பாதி இரண்டு துண்டு.

"கதவு இருக்கே?" என்றான் ரேடியோ ஏமாற்றத்தோடு.

"அது தகரக் கதவு. நான் சொன்னது புரோகிராம் கதவு," என்றபடி வந்தாள் ஒரு பெண்மணி. குட்டையான உருவம். கொண்டையில் குத்தியிருந்த பென்சில் அவளுக்கு முன்னாலேயே கோபமாக வந்தது. பின்னால் நெட்டையாக ஒருவன், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வந்தான். அக்காவும் தம்பியும். இருவரும்தான் முதலாளிகள். அக்கா மேல்மாடியில், தம்பி கீழ்மாடியில்.

"ரெண்டே வார்த்தையில சொல்லிடறேன் சார்," என்றாள் அக்கா.

"எங்க அக்கா ரெண்டு வார்த்தைன்னா நீங்க உட்கார்ந்துக்கறது நல்லது சார்," என்றான் தம்பி.

உட்கார்ந்தார்கள். நல்லவேளை.

லிஃப்டை ஓட்டுகிற புரோகிராம் எழுதுவது அவர்கள் தொழில். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டை. அக்கா புரோகிராமில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேல்மாடி ஏறிவிட்டாள். அன்றிலிருந்து மேலே ஒரு பிரதி, கீழே ஒரு பிரதி. மேலே அவர்கள் திருத்த, கீழே இவர்கள் திருத்த, வேறு வேறு வீட்டில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றின் சட்டை மற்றதற்குப் பொருந்தாமல் போய்விட்டது. மேல்மாடிப் புரோகிராமில் கதவு பூப்போலத் திறக்கும், ஆனால் லிஃப்ட் குதிரை மாதிரி குலுங்கிக்கொண்டு ஏறும். கீழ்மாடிப் புரோகிராமில் லிஃப்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஆனால் கதவு முரட்டுக் கதவு.

"ஒரு பெரிய ஆஸ்பத்திரி ரெண்டையும் சேர்த்துக் கேட்கறாங்க," என்றான் தம்பி. "அதனால மறுபடி ஒரே கம்பெனியாயிடலாம்னு முடிவு பண்ணினோம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு வக்கீல் வர்றார், கையெழுத்து."

"போடுவேனான்னு பார்க்கணும்," என்றாள் அக்கா. "ஒரு மாசமா என்னோடதை இவனோடதுல சேர்க்கறோம். சேர்க்கறபோதெல்லாம் என் கதவு மட்டும் மாயமா மறைஞ்சு போகுது. பாருங்க!"

கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து, மூடப்போகும் பொம்மைக் கதவுக்கு நடுவே நீட்டினாள். டிங் என்று இனிமையாக மணி அடித்தது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. "இரண்டாம் மாடி" என்று ஒரு குரல் குழைந்தது. அப்புறம், கறக்! கேரட் இரண்டு துண்டாகிக் கூடையில் விழுந்தது.

"என் புரோகிராமா இருந்தா, குறுக்கே ஏதாவது இருக்குன்னு தெரிஞ்ச உடனே கதவு பின்வாங்கும். நாளைக்கு ஆஸ்பத்திரியில கேரட்டா சார் நீட்டுவாங்க? கையை நீட்டுவாங்க!"

ரேடியோ தன் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மற்றொரு கை, துண்டுக் கேரட் ஒன்றை எடுத்து வாயில் போட்டது.

"சாட்சியைத் தின்னாதே மாப்ளே."

"பாதியைத்தான் தின்னேன் மாமா. மீதி சாட்சி சொல்லும்."

"நேத்து மாத்திச் செஞ்சு பார்த்தோம்," அக்கா விடவில்லை. "இவனோடதை என்னோடதுல சேர்த்தோம். என்னாச்சு தெரியுமா? மேல்மாடியிலயே, என் கண்ணெதிரே, என் கதவும் போச்சு! யாரோ வேணும்னே அழிக்கறாங்க. அதுவும் இவன் ஆள். அஞ்சு மணிக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லைன்னா கையெழுத்தும் கிடையாது, மேல்மாடியும் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"போறதுன்னா போயேன்," என்றான் தம்பி, கூரையைப் பார்த்து.

அக்கா படியேறிப் போனதும் அவன் துப்பறிவாளர் பக்கம் குனிந்தான். சட்டைக்கை பட்டனை அவன் விரல்கள் திருகிக்கொண்டிருந்தன. "இந்தத் தடவை போனா திரும்ப வரமாட்டா சார். எப்படியாவது கண்டுபிடிங்க. என் ஆளா இருந்தாலும் பரவாயில்லை. நானா இருந்தாலும்கூட."

*

அக்கா சந்தேகப்பட்ட ஆள் மூலையில் இருந்தான். இரண்டு பிரதிகளையும் ஒட்டவைக்கும் வேலை அவனுடையது. அதனால் ஆபீசில் அவனுக்குப் பெயர் பசை. எலும்பும் கண்ணாடியுமாக ஒரு புரோகிராமர்.

"நான் அழிக்கலை சார்," என்றான், கேட்பதற்கு முன்பே.

"நீ அழிச்சேன்னு யாரு சொன்னா?" என்றான் ரேடியோ.

"மேல்மாடி மேடம். நேத்து ரெண்டு தடவை. இன்னிக்கு மூணு."

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சேர்க்கற வேலையை எப்படிச் செய்யறே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இவனுக்கும் புரிஞ்சா இன்னும் நல்லது."

"வெர்ஷன் கன்ட்ரோல்னு ஒண்ணு சார். புரோகிராம்ல யார் எந்த இடத்துல கைவெச்சாலும் அது ஞாபகம் வெச்சுக்கும். யார், எப்போ, ஏன்னு ஒரு வரி எழுதணும். எழுதலைன்னா மாற்றத்தை ஏத்துக்காது."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு," என்றான் ரேடியோ. "மாமா அதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்."

பசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தைரியமும் வந்தது. "மேல்மாடிப் பிரதியில என்னென்ன மாறியிருக்கு, கீழே என்னென்ன மாறியிருக்குன்னு அதுவே ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்துடும். ஒரே இடத்துல ரெண்டு பேரும் கைவெச்சிருந்தா மட்டும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும். கதவு விஷயத்துல அது கேட்கவே இல்லை சார். 'கதவு வரலையே, மறுபடி சேர்த்துடு'ன்னு சொன்னா என்ன சொல்லுது பாருங்க."

விசையைத் தட்டினான். திரையில் ஒற்றை வரி முளைத்தது. அவன் அதைப் படித்துச் சொன்னான்: "'எல்லாம் ஏற்கெனவே சேர்ந்தாச்சு.' தலைகீழா நின்னாலும் இதேதான்."

"கையால காப்பி அடிச்சு ஒட்டிடலாமே?" என்றான் ரேடியோ.

"ஒட்டினேன். கதவு ஒரே இடத்துல இல்லை சார், ஏகப்பட்ட இடத்துல துணுக்குத் துணுக்கா இருக்கு. ஏதோ ஒண்ணை விட்டுட்டேன். லிஃப்ட் மூணாம் மாடிக்குப் போய் நின்னுக்கிட்டு 'ஒன்றாம் மாடி, ஒன்றாம் மாடி'ன்னு அரைமணி நேரம் அழுதுது."

"யாராவது அழிச்சிருந்தா அதுவும் ஞாபகத்துல இருக்கணுமே?"

"இந்த ஒரு மாசத்தை வரி வரியாப் பார்த்துட்டேன். யாரும் கதவுமேல கையே வைக்கலை."

துப்பறிவாளர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "டிங்னு ஒரு மணி அடிச்சுதே, அது யாரோடது?"

"மேடமோடது. மேல்மாடியிலேருந்து வந்தது."

"பச்சை விளக்கு? அந்தக் குழையற குரல்?"

"அதுவும் மேடமோடதுதான். எல்லாம் இந்த நாலஞ்சு மாசத்துல எழுதினது. ஒண்ணுவிடாம வந்துடுச்சு."

"கேரட்டைக் காப்பாத்தற பகுதி?"

"அது பழசு சார். சண்டைக்கு முன்னாலயே மேடம் எழுதி முடிச்சது. நல்லா ஓடறதை எதுக்குத் தொடணும்னு அதுக்கப்புறம் கைவைக்கவே இல்லை."

துப்பறிவாளரின் விரல்கள் கப்பலை மடிப்பதை நிறுத்தின. "மாப்ளே, ஒரு வீட்டுக்குத் திருடன் வந்தான். புதுசா வாங்கின டிவி இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு. பழைய கதவை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டான். என்ன தோணுது?"

"திருடன் தச்சு வேலை பார்க்கறவன்னு தோணுது."

"எனக்குத் திருடனே வரலைன்னு தோணுது."

*

மேல்மாடிக்கு ஏறினார்கள். பாதிப் படியில் துப்பறிவாளர் சட்டென்று நின்றார். பின்னால் வந்த ரேடியோ அவர் முதுகில் மோதினான்.

"உன் அக்கா குடையைப் பத்தி என்ன சொன்னா? வார்த்தை மாறாம சொல்லு."

"இப்ப எதுக்கு மாமா குடை? 'அதான் உன்கிட்டக் கொடுத்தாச்சே'ன்னா."

"இன்னும் பத்துத் தடவை கேட்டா?"

"பத்துத் தடவையும் 'கொடுத்தாச்சே'ம்பா. அவளைப் பொறுத்தவரைக்கும் குடை என்கிட்ட வந்தாச்சு, கணக்கு முடிஞ்சுது. அதுக்கப்புறம் என்கிட்ட குடை இல்லைன்னா, நானா வேண்டாம்னு தள்ளினேன்னு அர்த்தம். வேண்டாம்னவனுக்கு எதுக்கு இன்னொரு தடவை கொடுக்கணும்?"

துப்பறிவாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாராட்டு இருந்தது. கூடவே, ரேடியோவுக்குப் பிடிபடாத வேறெதுவோ ஒன்றும் இருந்தது. மறுவினாடி, மேலே ஏறிக்கொண்டிருந்த மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினார்.

"மாமா! மேல்மாடி மேலே இருக்கு!"

"அந்த மேடத்தைக் கீழே கூப்பிடு! பசை, அந்த ஞாபகத்தை ஒரு மாசத்தோட நிறுத்தாதே. ஒன்றரை வருஷத்துக்குப் பின்னால போ. அவங்க சண்டை போட்ட நாளுக்குப் போ!"

*

வக்கீல் வர இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பசையின் நாற்காலியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மேல்மாடிக்காரர்கள் ஒரு பக்கம், கீழ்மாடிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவே கேரட் கூடையோடு ரேடியோ.

"கதவு திருடு போகலை," என்று ஆரம்பித்தார் துப்பறிவாளர். "அது கீழ்மாடிக்கு ஏற்கெனவே வந்தது. மேடம், நீங்க அந்தக் கதவை எழுதி முடிச்சு, பொதுப் புரோகிராம்ல சேர்த்தது எப்போ?"

அக்காவின் முகம் சுருங்கியது. "சண்டை வந்த அன்னிக்குக் காலையில. அதனாலதானே சண்டையே! சேர்த்த கையோட வாடிக்கையாளர் ஒருத்தர் வந்தார். இவன் அவர்கிட்ட 'நான் செஞ்ச கதவு'ன்னு பெருமையடிச்சான்."

"'நாங்க செஞ்ச'ன்னுதான் சொன்னேன்."

"'நான்'னு சொன்னே! என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"பசை," என்றார் துப்பறிவாளர், "அன்னிக்கு என்ன இருக்கு, படி."

பசை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை நெருங்கினான். "காலையில மேடமோட கதவு சேர்ந்திருக்கு சார். முழுசா. மேடம் பிரதி எடுத்துக்கிட்டுப் போனப்புறம், சாயந்திரம், கீழ்ப் பிரதியில..." அவன் குரல் தேய்ந்தது. "அந்தச் சேர்க்கையை அப்படியே ரத்து பண்ணியிருக்காங்க. கதவு பூரா வெளியே போயிருக்கு."

"கேட்டீங்களா? கதவு வந்ததுங்கறதை இது மறக்கலை. அதனாலதான் 'ஏற்கெனவே சேர்ந்தாச்சு'ன்னு சாதிக்குது. அதுக்கப்புறம் கீழ்மாடிக்காரங்களே அதை வேண்டாம்னு எடுத்துட்டாங்க. மேல்மாடியில அந்தப் பகுதியை அதுக்கப்புறம் யாரும் தொடலை. அப்போ யார் முடிவு கடைசி முடிவு? கீழ்மாடியோடது. அதை இது மரியாதையாக் காப்பாத்துது. நேத்து மாத்திச் சேர்த்தபோது அந்த 'வேண்டாம்' மேல்மாடிக்கும் ஏறிடுச்சு. புதுசா எழுதின மணியும் விளக்கும் தடையில்லாம வருது. ஒரு தடவை வந்து திரும்பிப் போன கதவு மட்டும் வரமாட்டேங்குது."

"ரத்து பண்ணினது யாரு?" அக்காவின் குரல் கத்தியாக இருந்தது. "அதைச் சொல்லுங்க."

பசை திரும்பித் தம்பியைப் பார்த்தான். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றான் தம்பி. காது மடல் சிவந்திருந்தது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணவே இல்லை அக்கா. புதுசா சேர்க்கறோமே, புதுசா வந்துடும்னு நினைச்சேன்."

"நீயா!" கொண்டையிலிருந்து பென்சில் நழுவித் தரையில் விழுந்தது. "ராத்திரி பகலா நான் எழுதினதை ஒரு தட்டுல தூக்கி எறிஞ்சவன் நீயா? போதும். வக்கீலைத் திருப்பி அனுப்பு."

அவள் திரும்பிவிட்டாள். கேரட் மென்றுகொண்டிருந்த ரேடியோவின் வாய்கூட நின்றது.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் துப்பறிவாளர். "யார், எப்போன்னு பார்த்தோம். ஏன்னு பார்க்கலையே? ஒரு வரி எழுதாம இது எதையும் ஏத்துக்காதாமே. பசை, அந்த வரியைப் படி."

பசை படித்தான். "'அக்கா கேட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.'"

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அன்றைக்கு மாடிப்படியில் நின்றுகொண்டு கட்டடமே கேட்கும்படி தான் கத்தியது அவளுக்குத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

"'என் கதவை எனக்குத் திருப்பிக் கொடுத்துடு'ன்னு..." என்றாள் மெதுவாக.

"நீதானே கேட்டே," என்றான் தம்பி.

"கேட்டா? உடனே கொடுத்துடறதாடா? 'மாட்டேன் போ'ன்னு ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டு நான் எதைக்கா இல்லைன்னிருக்கேன்?"

அக்கா குனிந்து பென்சிலைத் தேடினாள். பென்சில் காலடியிலேயே கிடந்தது. அதை எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"இதை இப்ப எப்படிச் சரி பண்றது?" என்றாள் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரத்தை ரத்து பண்ணணும் மேடம்!" பசை துள்ளினான். "திருப்பிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டா முடிஞ்சுது. ரெண்டு மூணு இடத்துல முட்டும், அதை நான் பார்த்துக்கறேன்."

அவன் விரல்கள் பறந்தன. கடைசியில் திரை நின்றது. "ஏன்னு ஒரு வரி கேட்குது."

"எழுது," என்றாள் அக்கா. "தம்பி கேட்டான். கொடுத்துவிட்டேன்."

"நான் எங்கே கேட்டேன்?"

"இப்பக் கேளு."

தம்பி சுருட்டியிருந்த சட்டைக்கையை இறக்கினான். மறுபடி சுருட்டினான். தரையைப் பார்த்தான்.

"அக்கா... கதவைக் கொடுக்கா. நீ செஞ்ச கதவு."

பசை விசையைத் தட்டினான்.

கூடையிலிருந்த முழுக் கேரட் ஒன்றை ரேடியோவே எடுத்தான். லிஃப்ட் வெண்ணெயாக வழுக்கி மேலே போனது. டிங். பச்சை விளக்கு. "மூன்றாம் மாடி." மூடப்போன கதவுகளுக்கு நடுவே கேரட்டை நீட்டினான். கதவு கேரட்டின் தோலைத் தொட்டதும், கூச்சப்பட்ட மாதிரி சட்டென்று பின்வாங்கித் திறந்துகொண்டது.

கூடத்தில் எழுந்த கைதட்டல் நடுவே உள்ளே நுழைந்தார் வக்கீல். தனக்குத்தான் என்று நினைத்துக் கைகூப்பினார்.

"நல்ல செய்தி, கெட்ட செய்தி ரெண்டும் இருக்கு மாமா," என்றான் ரேடியோ சோகமாக. "கேஸ் முடிஞ்சுது. இனிமே துண்டுக் கேரட் கிடைக்காது."

*

வெளியே மழை கொஞ்சமும் தளரவில்லை. வாசல் கூரைக்கடியில் இருவரும் நின்றார்கள். உள்ளே அக்காவும் தம்பியும் புதுக் கம்பெனிப் பலகையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம், சிரிப்போடு சேர்ந்து கேட்டது.

ரேடியோ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அது அவனுக்கு உடம்புக்கு ஆகாத காரியம்.

"மாமா, ஒரு சந்தேகம். பெரிய பெரிய இன்ஜினீயருங்க ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. உங்களுக்குப் பாதிப் படியில எப்படி சட்டுனு உதிச்சுது?"

"அனுபவம் மாப்ளே."

"அனுபவம்தான். அன்னிக்கு அக்கா எனக்குக் குடை கொடுத்தா. தெருமுனையில நீங்க வந்து, 'கொடு, நான் உன் அக்காகிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்'னு வாங்கிட்டுப் போனீங்க. ஆனா அக்கா இன்னிக்கும் 'உன்கிட்டக் கொடுத்தாச்சே'ங்கறா. அப்போ குடை எங்கே மாமா?"

துப்பறிவாளர் மழையைப் பார்த்தார். மழை உதவிக்கு வரவில்லை.

"பஸ்ல விட்டுட்டேன்."

"எந்த பஸ்?"

"அது தெரிஞ்சா கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா? நான் துப்பறிவாளன்டா!"

ரேடியோ செல்போனை எடுத்து எண்ணைத் தட்டினான். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்ததும், அதை மாமாவின் காதோடு சேர்த்து அழுத்தினான்.

"யார், எப்போன்னு நான் சொல்லிக்கறேன் மாமா. ஏன்னு ஒரே ஒரு வரி. அதை நீங்க சொல்லுங்க. இல்லைன்னா ஏத்துக்காது."